18 வயதைத் தாண்டிய அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு ஆக்குபேஷனல் தெரபி: தமிழ்நாட்டில் எங்கே, எப்படித் தொடங்குவது?

என் தம்பிக்கு மிதமான அறிவுசார் குறைபாடு. பள்ளி வயது இருந்தவரை ஏதோ ஒரு மையம், ஏதோ ஒரு பயிற்சி என்று ஓடியது. 18 முடிந்ததும் "இனி இங்கே இல்லை" என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார்கள். அடுத்து எங்கே போவது என்று சொல்லத்தான் ஆளில்லை. விசாரித்து, அலைந்து, சிலவற்றை இரண்டு முறை செய்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வளர்ந்த மகன், மகள், தம்பி, தங்கையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுதுவது இது. சின்னக் குழந்தை என்றால் 3-ஆவது பகுதியில் சொல்லியிருக்கும் இடங்களுக்கு நேரே போங்கள், உங்களுக்கு வழி இன்னும் சுலபம்.

ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி., அறிவுத்திறனைக் கூட்டும் சிகிச்சை இல்லை. இருக்கிற திறனை வைத்துக்கொண்டு குளிக்க, உடுத்த, சாப்பிட, கடைக்குப் போக, ஒரு வேலையில் உட்கார வழி செய்வது. ஆளைப் பழக்குவார்கள், வேலையைச் சிறிதாக்குவார்கள், இடத்தை மாற்றுவார்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் சீக்கிரம் பலன் தரும். அதைத்தான் யாரும் முதலில் சொல்வதில்லை.

1. முதலில் ஒரு கோப்பு போடுங்கள்

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கேட்பது ஏறக்குறைய இவைதான்: அவருடைய ஆதார், உங்கள் ஆதார், குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ், பழைய மாற்றுத்திறனாளி அடையாளப் புத்தகம், பழைய மருத்துவ அறிக்கைகள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். எல்லாவற்றிலும் கூடுதலாகச் சில நகல்கள் எடுத்து வையுங்கள். செல்போனில் ஸ்கேன் செய்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பெரிய வலை இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், புத்தகத்தில் பெயருக்கு முன்னால், வங்கியில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருக்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான், கணினிக்கு மூன்று ஆள். வேறு எதையும் தொடங்குவதற்கு முன் ஆதாரைச் சரி செய்து, மற்றவற்றை அதன்படி மாற்றுங்கள். பிறந்த தேதியையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. யுடிஐடி அட்டை

பழைய புத்தகம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மத்திய அரசுத் திட்டங்களுக்கு யுடிஐடி எண் (நாடு முழுதும் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள எண்) வேண்டும். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனை என்று கேட்கும் இடத்தில் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ தேர்ந்தெடுக்கலாம். மனநல மருத்துவரும் உளவியலாளரும் எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம்.

அட்டையில் உள்ள வண்ணப் பட்டை குறைபாட்டின் சதவீதத்தைக் காட்டும். 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான உதவிகள் 40-இல் தொடங்குகின்றன. சிறு வயதில் கொடுத்த சான்றிதழ் தற்காலிகமானதாக இருக்கும். அதில் "செல்லுபடியாகும் காலம்" என்ற வரியைப் பாருங்கள். 18 ஆனதும் மறுமதிப்பீடு செய்து நிரந்தரச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

மதிப்பீட்டு நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறிவுத்திறன் சோதனையோடு வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்ற ஒன்றையும் வைத்துப் பார்ப்பார்கள். அதில் பெரும்பாலான கேள்விகள் உங்களிடம்தான் கேட்கப்படும். தானாகச் சாப்பிடுவாரா, தானாகக் குளிப்பாரா, தனியாகக் கடைக்குப் போவாரா? நம் வீட்டு அம்மாக்களுக்குப் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராது. "எல்லாம் செய்வான் சார், கொஞ்சம் சொன்னா போதும்" என்பார்கள். அந்தக் "கொஞ்சம் சொன்னா"வில்தான் விஷயமே இருக்கிறது. குளியலறை வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் அது தானாகச் செய்வது இல்லை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், யாரும் பக்கத்தில் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

3. எங்கே போவது

18 வயதுக்குள் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், பள்ளிக் குழந்தைகளுக்கு வட்டார வள மையத்தில் நடக்கும் தெரபி, இரண்டும் இலவசம்.

18-க்கு மேல் என்றால் இவற்றைப் பாருங்கள். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். இது மத்திய அரசுடையது, அறிவுசார் குறைபாட்டோடு வலிப்பு, பார்வை, கேட்டல் என்று வேறு ஏதாவது சேர்ந்திருந்தால் முதலில் இங்கேதான் போவேன். வேலூர் சி.எம்.சி.யில் ஓ.டி.க்குத் தனித் துறையே உண்டு. மாநில அரசின் உரிமைகள் திட்டத்தில் திறக்கப்பட்டு வரும் 'விழுதுகள்' சேவை மையங்களில் பல தெரபிகள் ஒரே இடத்தில் கிடைக்கும். உங்கள் மாவட்டத்தில் எது இயங்குகிறது என்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஓ.டி. கல்லூரி நடத்தும் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் வெளிநோயாளர் பிரிவு உண்டு, மாணவர்கள் பார்ப்பதால் கட்டணமும் குறைவாக இருக்கும். மாணவரா என்று தயங்காதீர்கள். பொறுமையாக நேரம் கொடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

வெளியூர் போக வேண்டியிருந்தால் ரயில் சலுகையை முதலிலேயே வாங்கிவிடுங்கள். துணையின்றிப் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடுள்ளவருக்கும் உடன் செல்பவருக்கும் ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏசி ஆகியவற்றில் 75 சதவீதம் சலுகை. ரயில்வேயின் சொந்தப் படிவத்தில் அரசு மருத்துவர் கையெழுத்து வேண்டும், அதை வைத்து ரயில்வேயின் தனி அடையாள அட்டை வாங்க வேண்டும். மதிப்பீட்டுக்குப் போகும் அன்றே அந்தப் படிவத்தையும் எடுத்துப் போனால் ஒரே மூச்சில் முடியும்.

4. தெரபிஸ்டைத் தேர்ந்தெடுப்பது

ஓ.டி. பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள். பி.ஓ.டி. என்ற இளநிலைப் பட்டம், கடைசியில் வரும் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட படிப்பு. சில மையங்களில் "ஆர்.சி.ஐ. பதிவு உண்டு" என்று சான்றிதழை நீட்டுவார்கள். ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் சிறப்பாசிரியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், மருத்துவ உளவியலாளர்கள் பதிவு செய்வார்கள். ஓ.டி. அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அந்தச் சான்றிதழ் பொய் என்று அர்த்தமில்லை, அது வேறு படிப்புக்கானது. உங்களுக்கு முன்னால் இருப்பவர் சிறப்பாசிரியராக இருக்கலாம். அவரும் தேவைதான், ஆனால் ஓ.டி. கட்டணம் ஏன் கொடுக்கிறோம் என்று யோசியுங்கள்.

கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். நாங்கள் விசாரித்த தனியார் இடங்களில் முக்கால் மணி நேர அமர்வுக்கு 400 ரூபாயிலிருந்து 1,000 வரை சொன்னார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று மொத்தமாகக் கட்டச் சொல்லும் இடத்தில் எவ்வளவு தள்ளுபடி என்றாலும் கட்டாதீர்கள். நான்கு அமர்வு பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "மூன்று மாதம் கழித்து வீட்டில் என்ன செய்வான்?" நல்ல தெரபிஸ்ட் திருப்பி உங்களைக் கேட்பார், "வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" கனடியன் ஆக்குபேஷனல் பெர்ஃபார்மன்ஸ் மெஷர் என்று ஒரு மதிப்பீட்டு முறை இருக்கிறது. எந்த வேலை எவ்வளவு முக்கியம், இப்போது எப்படிச் செய்கிறார், அதில் திருப்தி எவ்வளவு என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். அந்த மாதிரி ஏதாவது கேட்கிற இடம் என்றால் தைரியமாகச் சேரலாம். "கவனம் கூடும், கை வலுவாகும், சென்சரி சரியாகும்" என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சென்சரி என்பது சத்தம், தொடுதல் போன்ற புலன்களைப் பழக்குவது. 24 வயது ஆளை ஊஞ்சலில் உட்கார வைத்து, பந்துக்குளத்தில் இறக்கி ஒரு மணி நேரம் கழிக்கும் மையங்கள் இருக்கின்றன. சத்தம், தொடுதல் தாங்காமல் அவதிப்படுபவருக்கு அந்த வழியில் சில உத்திகள் உதவும். அது இல்லாதவருக்கு அது வெறும் பொழுதுபோக்கு.

5. முதல் நாளுக்கு எடுத்துப் போக வேண்டியவை

பழைய அறிக்கைகளைவிட உங்கள் செல்போன்தான் முக்கியம். அவர் சாப்பிடுவது, சட்டை போடுவது, அறையைச் சுத்தம் செய்வது என்று இரண்டு மூன்று வேலைகளை யாரும் குறுக்கே பேசாமல் முழுதாக வீடியோ எடுங்கள். குளியலறை, சமையலறை, அவர் அலமாரி இவற்றைப் படம் எடுங்கள். ஒரு சாதாரண நாளில் காலை முதல் இரவு வரை என்ன செய்கிறார், எதில் யார் உதவுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மருந்துச் சீட்டு, கடைசியாக வலிப்பு வந்த தேதி, கண், காது சோதனை முடிவு. கண் சரியாகத் தெரியாமல் "கவனமில்லை" என்று பெயர் வாங்குகிறவர்கள் உண்டு.

6. ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள்

பட்டியல் போட்டால் இருபது வேலை வரும். ஒன்றை எடுங்கள். தினமும் நடக்கிற வேலையாக இருக்கட்டும், அவருக்கே விருப்பம் கொஞ்சம் இருக்கட்டும், செய்தால் வீட்டில் ஒருவருக்குச் சுமை குறையட்டும். எங்கள் வீட்டில் அது குளியல். வளர்ந்த ஆண்பிள்ளையை அம்மா குளிப்பாட்டிக்கொண்டிருந்தார், அம்மாவுக்கு முழங்கால் வலி.

இலக்கை இப்படி எழுத வேண்டும்: "வீட்டுக் குளியலறையில், ஒருவர் கதவுக்கு வெளியே இருக்க, சோப்பு போட்டுக் குளித்து, துவட்டி, உள்ளேயே லுங்கி கட்டிக்கொண்டு வெளியே வருவான்." இடம், உதவியின் அளவு, முடிவு மூன்றும் அதில் இருக்க வேண்டும். "சுய பராமரிப்பில் முன்னேற்றம்" என்று எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்து, தெரபிஸ்ட் வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பார். எங்கே சிக்குகிறது என்று அப்போதுதான் தெரியும். தம்பிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியும், சோப்பு தேய்க்கத் தெரியும், துவட்டத் தெரியும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகத்தான் தெரியவில்லை. வாளியில் தண்ணீர் இருக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பான், தீர்ந்தால் குழாயைத் திறந்து மறுபடி ஊற்றுவான். தெரபிஸ்ட் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னது: பெரிய வாளியை எடுத்துவிடுங்கள், இரண்டு சின்ன வாளி வையுங்கள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நிரப்பி வைத்துவிட்டுக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள். சோப்பை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த பிறையிலிருந்து எடுத்து, வலைப்பையில் போட்டுச் சிவப்பு வாளிக்கு மேலே கண்ணுக்கு நேரே தொங்கவிடுங்கள். சிவப்பு காலியானால் சோப்பு. நீலம் காலியானால் துண்டு. அவ்வளவுதான். "போதும், சோப்பு போடு" என்று நாங்கள் கத்திக்கொண்டிருந்ததை அந்த வாளியே சொல்லிவிட்டது. வாளி இரண்டும் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள்.

பழக்கும் வரிசையும் முக்கியம். எங்களுக்குக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் போகச் சொன்னார்கள். முதல் வாரம் எல்லாம் நீங்கள் செய்து, லுங்கி கட்டுவதை மட்டும் அவரிடம் விடுங்கள். அது வந்தபின் துவட்டுவதும் லுங்கியும். அப்புறம் நீல வாளி. இப்படிச் செய்தால் தினமும் வேலையை முடித்தவர் அவராகவே இருப்பார், பாராட்டும் அவருக்கே. முதல் படியிலிருந்து போனால் பாதியில் நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள், அவருக்கு அது அலுத்துவிடும். எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. தோசை வார்ப்பது போன்றவற்றுக்கு முதல் படியிலிருந்தே சொல்லித்தரலாம்.

உதவுகிறவர் அதே பாலினத்தவராக இருக்கட்டும். கதவைச் சாத்துவதும் ஒரு படிதான், அதைப் பட்டியலில் சேருங்கள்.

7. வாயைக் குறைப்பது

கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, சைகை காட்டுவது, சொல்வது, படம் அல்லது பொருளை வைப்பது என்று உதவியில் பல வகை. இதில் விலக்கிக்கொள்ள மிகக் கடினமானது சொல். கையை எடுத்துவிடலாம், சொல்லை எடுத்தால் அவர் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். அதிலும் நம் வீடுகளில் பாட்டி ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், "முதுகு தேய்டா", "காதுக்குப் பின்னாடி" என்று திண்ணையிலிருந்தே நடத்துவார்கள்.

மூன்று விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும். ஒரே சொல், தெரபி மையத்தில் "டவல்", வீட்டில் "துண்டு" என்றால் ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள். ஒரு தடவை சொன்னபின் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் அடுத்த உதவி. அந்தப் பத்து விநாடி நமக்கு மிக நீளம், அவருக்கு அது யோசிக்கும் நேரம்.

குறித்து வைப்பதை எளிதாக்குங்கள். ஒவ்வொரு படிக்கும் கை, சைகை, சொல், தானாக என்று நான்கில் ஒன்றை டிக் செய்யும் தாள் போதும். தினமும் எழுதச் சொல்வார்கள், யாராலும் முடியாது. புதன், சனி மட்டும் எழுதுங்கள். மூன்று மாதத்தில் ஒரு படிகூடக் "கை"யிலிருந்து நகரவில்லை என்றால் அந்தப் படியை இன்னும் உடைக்க வேண்டும் அல்லது பொருளை மாற்ற வேண்டும். "இன்னும் சில அமர்வுகள் வேண்டும்" என்பது மட்டும் பதிலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

வாரம் மூன்று நாள் மையத்துக்குப் போனால்தான் ஆச்சு என்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய், வீட்டில் செய்ய வேண்டியதைக் கேட்டு வந்து செய்வதே பெரியவர்களுக்குப் போதுமானதாக இருக்கும். மையத்தில் கற்றது வீட்டுக்குத் தானாக வராது, வேறு அறை, வேறு வாளி என்றால் அவருக்கு அது வேறு வேலை.

8. வீட்டுக்கு வெளியே

கடைக்கு அனுப்ப, சில்லறை எண்ணக் கற்றுத்தர வேண்டும் என்று இல்லை. "அடுத்த பத்து" என்ற முறை இருக்கிறது. 23 ரூபாய் என்றால் மூன்று பத்து ரூபாய்த் தாளைக் கொடுப்பது, மீதியை வாங்கிக்கொள்வது. பத்து ரூபாய்த் தாள்களை மட்டும் பர்ஸில் வைத்து அனுப்புங்கள். கடைக்காரரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வேலைப் பயிற்சியிலும் இதே தந்திரம்தான். பத்துப் பத்தாக அகல் விளக்கு அடுக்க எண்ணத் தெரிய வேண்டியதில்லை, பத்துக் குழி விட்டு மீதியை ஒட்டி மூடிய முட்டை அட்டை போதும். குழி நிரம்பினால் பெட்டிக்குள். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தொழிற்பயிற்சி இல்லங்களைத் தொண்டு நிறுவனங்கள் அரசு உதவியோடு நடத்துகின்றன, பட்டியல் மாவட்ட அலுவலகத்தில் கிடைக்கும். சேர்ப்பதற்கு முன் ஒரு முழு நாள் அங்கே உட்கார்ந்து பாருங்கள். டிவி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

9. பணம்

நிராமயா மருத்துவக் காப்பீடு: மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் திட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு இல்லை, முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை இல்லை. சேரக் கட்டணம் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் 250, மேலே என்றால் 500. தெரபி செலவும் இதில் வரும், ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு உண்டு. முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்க வேண்டும். "ஓ.டி. தேவை" என்று மருத்துவர் எழுதிய சீட்டு, தேதி வாரியாக அமர்வு போட்ட அசல் பில், யுடிஐடி நகல் இருக்க வேண்டும். "ஒரு மாத தெரபி" என்று ஒரே வரியில் எழுதிய பில்லைத் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். காப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை; பிப்ரவரியில் சேர்ந்தால் மார்ச்சோடு முடிந்துவிடும், எனவே ஏப்ரலில் சேருங்கள்.

பராமரிப்பு உதவித்தொகை: தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது, அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு ஒரு தடவை உயிர்வாழ் சான்று கேட்பார்கள். கொடுக்காவிட்டால் பணம் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

வருமான வரி: பழைய வரிமுறையில் இருப்பவர் தன்னைச் சார்ந்த மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 கழித்துக்கொள்ளலாம். பெற்றோருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், அவர் உங்களைச் சார்ந்து இருந்தால் அண்ணன், அக்காவும் கோரலாம்.

பயிற்சி மையத்துக்குப் போய்வர அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை உண்டு, துணைக்குப் போகிறவருக்கும் சேர்த்துக் கேளுங்கள். மையத்தின் கடிதம் அதற்கு வேண்டும்.

10. பாதுகாவலர் சான்று

18 முடிந்தால் சட்டப்படி அவர் பெரியவர். வங்கியிலோ அறுவை சிகிச்சைக்கான ஒப்புதலிலோ அம்மா அப்பா கையெழுத்து தானாகச் செல்லாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்தால் பாதுகாவலரை நியமிப்பார்கள். நீதிமன்றம் போக வேண்டாம், கட்டணமும் இல்லை. குழு கூடும் நாளைப் பொறுத்து மாதங்கள் ஆகும், எனவே பணத் தேவை வருமுன் போடுங்கள். உடன்பிறந்தோரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். வெளிநாட்டில் யாராவது இருந்தால் அவர்கள் ஊருக்கு வரும் சமயத்திலேயே கையெழுத்து வாங்கி வையுங்கள்.